ஜோடியாகப் போட்ட ராம்

இன்னிக்கு அக்காவோடு பெங்களூரு எஸ்.பி. ரோட்டுக்கு கம்ப்யூட்டர் மெமரி, அதான் ராம், வாங்கப் போய் மானம் போனதுதான் மிச்சம்.

அக்கா மர்பி டவுனில் வீட்டிலேயே கல்யாண ஆல்பம் டிசைன் செய்கிறாள். நாலு போட்டோ திறந்தாலே கம்ப்யூட்டர் அப்படியே நின்றுவிடுகிறது. நாளைக்கு ஆல்பம் கொடுக்காவிட்டால் ஆர்டர் தந்த ஸ்டூடியோ இனிமேல் வேலையே தராது.

"ஒரு ஜிபி ராம், ஒண்ணு போதும்" என்றேன் கடையில்.

"போர்டுல எத்தனை ஸ்லாட் குரு?" என்றார் கடைக்காரர்.

"ரெண்டு. ரெண்டுலயும் 256 எம்பி இருக்கு."

"அப்போ இதை எங்க சொருகுவ? ஒண்ணைக் கழட்டித் தூக்கிப்போடணும். போன தடவையே ஒரே 512 போட்டிருந்தா ஒரு ஸ்லாட் காலியா இருந்திருக்கும். எந்தப் புத்திசாலி ஜோடியா போடச் சொன்னான்?"

நான்தான். ஜோடியாகப் போட்டால் டூயல் சேனல், வேகம் பறக்கும் என்று அக்காவுக்கு அரைமணி நேரம் கிளாஸ் எடுத்தேன். அந்த வேகத்தை இதுவரை யாரும் பார்க்கவில்லை.

"யாரோ ஒரு மெக்கானிக் சார்" என்றேன்.

அக்கா விடவில்லை. "மெக்கானிக் இல்லண்ணா, இன்ஜினியர். என் தம்பி. இதோ, உங்க முன்னாடிதான் நிக்கிறான்."

கடையே சிரித்தது.

ஒரு 256-ஐக் கழட்டிவிட்டு ஒரு ஜிபியைச் சொருகியாச்சு, ஆல்பம் வேலை இப்போது ஓடுகிறது. நீங்கள் யாருக்கெல்லாம் இப்படிக் கிளாஸ் எடுத்துக் கெடுத்தீர்கள்? மறைக்காமல் சொல்லுங்கள், நான் மட்டும் தனியாக அசிங்கப்பட முடியாது.