எலி கடிக்காத ஒயர்

கேமரா அக்கா உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. டீ குடிப்பது நின்றபடி, ஃபோன் பேசுவது நடந்தபடி. சாப்பாட்டு டப்பாவைக்கூட ஸ்கூட்டர் சீட்டின் மேல் திறந்து வைத்து, பக்கத்தில் நின்றே காலி செய்வாள். ஸ்க்ரூடிரைவரைக் கொண்டையில் செருகிக்கொண்டு அதையே தேடிப் பையைத் தலைகீழாகக் கவிழ்ப்பாள். யாராவது பரிதாபப்பட்டுத் தங்கள் தலையைத் தொட்டுக் காட்டினால்தான் அவளுக்கு ஞாபகம் வரும். எங்கள் தெருவில் அவளுக்குப் பம்பரம் என்று பெயர். நான் இன்னும் நல்ல பெயராக வைத்திருப்பேன். ஆனால் நாங்கள் குடிவருவதற்குள் இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது.

முதலில் ஒரு எலக்ட்ரிக்கல் கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தவள்தான். ஒருநாள் கேமரா மாட்டப் போக வேண்டிய ஆள் வரவில்லை. பணம் கட்டியவர் கவுண்டரில் நின்று கத்தினார். அந்தக் கத்தலைக் கேட்டுக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருப்பதைவிட ஏணியில் ஏறுவது மேல் என்று அக்காவுக்குத் தோன்றியிருக்கிறது. அன்றைக்கு ஏறியவள் பன்னிரண்டு வருஷமாக இறங்கவில்லை. அவள் வீட்டில் கேமரா கிடையாது. கேட்டால், "என் வீட்டு ஆளுங்க என்னைப் பாக்கணும்னா வீட்டுல வச்சு என்ன பிரயோஜனம்? ஸ்கூட்டர்லதான் வைக்கணும்" என்பாள்.

கேமரா வாங்க வருகிறவர்கள் எல்லோரும் மெகாபிக்சல் எவ்வளவு என்றுதான் ஆரம்பிப்பார்கள். அக்கா அதைக் காதிலேயே வாங்க மாட்டாள். "யாரைப் பாக்கணும்?" என்பாள்.

"திருடனைத்தான்."

"முகத்தையா, மண்டையையா? நீங்க சொல்ற மொட்டைமாடி விளிம்புல வச்சா அவனுக்கு வழுக்கை இருக்கா இல்லையான்னுதான் தெரியும்."

ஒரே கேமராவில் தெரு முழுக்கத் தெரிய வேண்டும் என்பவர்களிடம், "தெரியும், தெரியும். ஆளுங்க கடுகு மாதிரி தெரிவாங்க. கடுகைக் காட்டி போலீஸ்ல புகார் கொடுப்பீங்களா?" என்பாள். இப்படிப் பேசியே விலை அதிகமான கேமராவைக் கேட்டு வந்தவர்களைச் சின்னதாக ஒன்றை வாங்க வைத்து, அதைச் சரியான இடத்தில் மாட்டிவிட்டுப் போவாள். வேலையில் கெட்டிக்காரி. கடைசித் திருகைத் திருகும்போதே ஒரு கால் ஸ்கூட்டரில் இருக்கும். அது ஒன்றுதான் குறை.

அந்தக் குறை வந்து விழுந்தது எங்கள் தலையில்.

நானும் அம்மாவும் குடியிருந்தது ஒரு பெரிய வீட்டின் பின்பக்கம். இரண்டு அறை, தனி வாசல், பின் கேட். வீட்டுக்காரர் ஏதோ ஆபீசில் சீல் குத்தி ஓய்வு பெற்றவர், தெருச் சங்கத்துக்குச் செயலாளர். நாங்கள் பால் காய்ச்சிய மறுநாளே, கார் ஷெட்டில் இருந்த கேமராவைக் கழற்றிப் பின் கேட்டுக்கு மாற்றினார். "உங்க பாதுகாப்புக்குத்தாம்மா" என்றார். எங்கள் பாதுகாப்புக்கு என்றால் கேமரா படம் தெரியும் டிவி எங்கள் வீட்டில் அல்லவா இருக்க வேண்டும்? அது அவர் ஹாலில் இருந்தது.

மாற்றிக் கொடுத்தது கேமரா அக்காதான். உச்சி வெயிலில் வந்தாள், அரைமணி நேரத்தில் முடித்தாள். "எலி இருக்கா இங்க?" என்று என்னிடம் கேட்டாள். இல்லை என்றேன். "இருக்குன்னு சொல்லு. எங்க தொழிலே எலிய நம்பித்தான் ஓடுது. என்ன கோளாறுன்னு புரியலைன்னா எலி கடிச்சிருச்சும்போம். எலி வந்து இல்லைன்னா சொல்லப்போகுது?" என்று சிரித்துக்கொண்டே கிளம்பிவிட்டாள். எனக்கு அவளை அப்போதே பிடித்துப்போனது.

அந்த வாரமே நான் ஒரு தப்பு செய்தேன். நான் ஒன்பதாவதோடு படிப்புக்குக் கும்பிடு போட்டவள், காலையில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை, மத்தியானத்துக்கு மேல் கை சும்மா இருக்காது. ஒரு ரப்பர் பல்லியைக் கேமராவின் முகத்தில் ஒட்டிவைத்தேன். ஹாலில் எருமை அளவுக்குப் பல்லியைப் பார்த்த வீட்டுக்காரர் துடைப்பத்தோடு ஓடிவந்தார். நான் சிரித்த சிரிப்பில் மாட்டிக்கொண்டேன். அதற்கு நாலு மாதம் கழித்து விலை கொடுத்தேன்.

அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் துணி துவைக்கும் பிரிவில் மாலை ஷிஃப்ட். ஐந்தேமுக்காலுக்குக் கிளம்புவாள். ஆறே காலுக்குப் பின் கேட் கேமராவில் படம் போய்விடுகிறது. காலையில் தானாக வந்துவிடுகிறது. வீட்டுக்காரர் இதை எப்போது கவனித்தாரோ, கவனித்ததிலிருந்து நோட்டுப் போட்டு நேரம் எழுத ஆரம்பித்தார். அக்காவை இரண்டு தடவை கூப்பிட்டார். அவள் வந்தது இரண்டு தடவையும் பட்டப்பகலில். ஹாலில் படம் பளிச்சென்று இருந்தது. "கேமரால ஒரு கோளாறும் இல்ல சார். நல்லாத்தானே இருக்கு" என்றுவிட்டு ஓடினாள்.

கேமராவில் கோளாறு இல்லை என்றால் கோளாறு யாரிடம்? பல்லி ஒட்டியவளிடம்.

"அம்மா அந்தப் பக்கம் போனதும் கேமரா இந்தப் பக்கம் கண்ணை மூடிக்குது. யாரு வந்து போறாங்கன்னு நான் கேக்க மாட்டேன்மா. மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணிருங்க" என்றார் அம்மாவிடம், என்னைப் பார்க்காமல்.

அம்மா என்னை அடிக்கவில்லை. அடித்திருந்தால் தேவலை. இரண்டு வருஷத்தில் இது மூன்றாவது வீடு. "இன்னொரு வீடு தேட எனக்குத் தெம்பில்லடி" என்று மட்டும் சொன்னாள். அதற்குப் பிறகு தினமும் வேலையிலிருந்து அரைமணிக்கு ஒரு தடவை ஃபோன். "என்ன பண்ற?" "சும்மா இருக்கேன்." "டிவி சத்தம் கேக்கலையே?" "போடல." "ஏன் போடல?" திரும்பி வந்ததும் கழுவி வைத்த டம்ளர்களை ஒரு பார்வை பார்ப்பாள், ஒன்றா இரண்டா என்று. நானும் வேண்டுமென்றே இரண்டு டம்ளரில் தண்ணீர் குடிக்கலாமா என்று யோசித்தேன். பிறகு ஒரே டம்ளரில் குடித்தேன். இரண்டாவதைத் தொடவே பயமாக இருந்தது.

மாசக் கடைசிக்கு ஆறு நாள் இருந்தபோது அக்காவைத் தேடிப் போனேன். ஒரு பல் ஆஸ்பத்திரி வாசலில் ஏணி உச்சியில் நின்று ஒரு கையால் திருகிக்கொண்டும் மறு கையால் யாருக்கோ மெசேஜ் அனுப்பிக்கொண்டும் இருந்தாள்.

"அக்கா, நீங்க ரெண்டு வார்த்தை சொன்னீங்க. நாங்க வீட்டைக் காலி பண்றோம்" என்றேன் கீழே நின்று.

"யாருடி நீ? ஓ, பல்லியா! என்ன சொன்னேன்?"

"கேமரால கோளாறு இல்லைன்னு. அப்ப நான்தான் தினமும் அணைக்கிறேனாம்."

"அணைக்கிறியா?"

"அணைச்சா ஒத்துக்க மாட்டேனா? பல்லிய ஒத்துக்கலையா?"

இது அவளுக்கு நியாயமாகப் பட்டிருக்க வேண்டும். மெசேஜை நிறுத்தினாள். "எத்தனை மணிக்குப் போகுது?"

"முன்னாடி ஆறரைக்காம். இப்ப ஆறே கால். நோட்டுல எழுதி வச்சிருக்கார்."

"மழை பெஞ்சுதே போன வாரம், அன்னைக்கு?"

"அஞ்சு மணிக்கே போயிருச்சு. அப்ப அம்மாவும் வீட்டுல இருந்தாங்க. அதனால அம்மாவும் இதுல கூட்டுன்னார்."

அக்காவின் கை நின்றது. கால் நின்றது. பம்பரம் அப்படி நின்று நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. நான் பயந்து ஏணியைப் பிடித்துக்கொண்டேன்.

"போடீ. மூணு மணிக்கு வரேன். உங்கம்மாவ இருக்கச் சொல்லு" என்றாள். குரலே மாறியிருந்தது.

மூன்று மணிக்கு வந்துவிட்டாள். ஹாலில் டிவி முன்னால் வீட்டுக்காரர், வீட்டுக்காரம்மா, அம்மா, நான் நாலு பேரும் நிற்க வேண்டும் என்றாள். என்னை வீட்டுக்காரருக்குப் பக்கத்திலேயே நிறுத்தினாள். "சார், இவ கைய நல்லாப் பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு ஏணியோடு பின் கேட்டுக்குப் போனாள். வீட்டுக்காரர் நிஜமாகவே என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டிவியில் அக்காவின் முகம் பெரிதாக வந்தது. ஒரு விரல் நீண்டு, ஓரமாக எங்கேயோ தொட்டது. படம் மறையவில்லை. கேட், சுவர், எங்கள் கொடியில் காயும் துணி எல்லாம் அப்படியே தெரிந்தன. ஆனால் கலர் போய்க் கறுப்பு வெள்ளையானது. இரண்டு விநாடிதான். திரை கருத்துப்போய், படம் இல்லை என்று இங்கிலீஷில் எழுதிக் காட்டியது. மணி மூன்று பத்து. வெளியே கண் கூசும் வெயில்.

அக்கா உள்ளே ஓடி வந்தாள். "போச்சா?"

"நீ கைய வச்சு மறைச்சா போகாம என்ன செய்யும்?" என்றார் வீட்டுக்காரர்.

"மறைக்கலையேங்க, பின் கேட் தெரிஞ்சுதே" என்றார் வீட்டுக்காரம்மா. "இந்தப் பொண்ணு உங்க பக்கத்துலதான நிக்கிது. மந்திரம் போட்டா அணைச்சா?"

"சார், வெளிச்சம் இருக்கா இல்லையான்னு பாக்க அதுக்கு மூஞ்சில சின்னதா ஒரு கண்ணு இருக்கு. நான் அதை மட்டும்தான் பொத்தினேன்" என்றாள் அக்கா. "பொத்தினா பொழுது சாஞ்சிருச்சுன்னு நினைச்சு தன்னோட சிவப்பு விளக்கைத் தானாப் போட்டுக்கும். பகல்ல அதுக்கு ஒரு ஆள் சாப்பாடு போதும். விளக்கு எரிஞ்சா ரெண்டு ஆள் சாப்பாடு வேணும். அவ்வளவு கரண்ட் போய்ச் சேரல. பசில மயங்கி விழுந்துருது. மழை நாள்ல சீக்கிரம் இருட்டிச்சு, சீக்கிரம் விழுந்துச்சு."

வீட்டுக்காரர் நோட்டைத் திறந்து பார்த்தார், மூடினார், மறுபடி திறந்தார். "ஏன் போய்ச் சேரல? எலி கடிச்சிருக்கா?"

எனக்கு ஒரு நிம்மதி. அவரே வாயைத் திறந்து எலியைக் கொடுத்துவிட்டார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். எனக்கும் அம்மாவுக்கும் வீடு மிஞ்சும், அக்காவுக்கு மரியாதை மிஞ்சும். தெரு முழுக்கக் கேமரா மாட்டும் வேலையைச் சங்கம் அவளுக்குத்தான் கொடுப்பதாகப் பேச்சு. செயலாளர் இதோ நிற்கிறார். நானாக இருந்தால் அந்த எலிக்குப் பெயர் வைத்து வயசும் சொல்லியிருப்பேன்.

அக்கா கொண்டையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை உருவினாள். அன்றைக்கு அதை அவள் தேடவில்லை. எல்லோரையும் வெளியே கூட்டிப்போய், பின் சுவரில் ஓடிய பைப்பின் மூடியைக் கழற்றி ஒயரை வெளியே இழுத்துக் காட்டினாள். பாதி வரை தடிமனான கேபிள். அதன் முனையில் கறுப்பு டேப் சுற்றி ஒட்டுப்போட்டு, அதற்கப்புறம் நூல் மாதிரி ஒரு வெள்ளை ஒயர்.

"எலி இல்ல சார். நான்" என்றாள்.

அந்த வெள்ளை ஒயரை விரலில் சுற்றிக் காட்டினாள்.

"இது காலிங்பெல் ஒயர். இவ்வளவு சன்னத்துல ரெண்டு ஆள் சாப்பாடு போகாது. அன்னைக்குக் கேமராவ மாத்தும்போது கேபிள் எட்டல. கடைக்குப் போய் எடுத்துட்டு வரப் பொறுமை இல்ல. பைல கிடந்ததை முடிஞ்சு விட்டேன். வெயில்ல படம் வந்துச்சு, போயிட்டேன். அப்புறம் ரெண்டு தடவை வந்தேன், ரெண்டு தடவையும் வெயில்ல பாத்தேன்." அம்மா பக்கம் திரும்பினாள். "உங்க பொண்ணு எதையும் தொடலக்கா."

வீட்டுக்காரர் தொண்டையைச் செருமினார். "அப்ப தெரு வேலைய உன்ன நம்பி எப்படிம்மா கொடுக்கிறது?"

"கொடுக்காதீங்க சார்" என்றாள் அக்கா. பிறகு என் பக்கம் தலையசைத்தாள். "ஆனா இவகிட்ட ஒரு வார்த்தை பேசிருங்க."

அவர் பேசவில்லை. நோட்டில் அந்தப் பக்கங்களைக் கிழித்தார். "இருந்துக்கங்கம்மா" என்று அம்மாவிடம் சொன்னார், என்னைப் பார்த்து. அவரால் முடிந்தது அவ்வளவுதான் என்று வைத்துக்கொண்டேன். வீட்டுக்காரம்மாதான், "நாலு மாசம் மொறைச்சதுக்கு இது பத்தாது" என்று அவர் காதில் விழும்படி சொன்னார்.

அக்கா கடைக்குப் போய்த் தடித்த கேபிள் கொண்டுவந்து, முதலிலிருந்து புதிதாக இழுத்தாள். ஐந்தேமுக்காலுக்கு அம்மா கிளம்பினாள். வாசலில் நின்று எதையோ சொல்ல வாயெடுத்தாள். என் துப்பட்டா ஓரத்தில் ஒட்டியிருந்த டேப் துண்டைப் பிய்த்துப் போட்டுவிட்டுப் போனாள்.

வேலை முடிந்தது. அக்கா ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள். கேமராவைப் பார்த்தாள், வானத்தைப் பார்த்தாள். சாவியைத் திரும்பப் பைக்குள் போட்டாள். எங்கள் வீட்டு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தாள்.

"என்னக்கா?"

"இருட்டட்டும்."

நானும் படியில் உட்கார்ந்தேன். அக்காவுக்கு உட்காரத் தெரியவில்லை. வலது கால் ஆடியது, அதைக் கையால் பிடித்தால் இடது கால் ஆடியது. சாவியை எடுத்து வைத்தாள், எடுத்து வைத்தாள். "ஒரு நாள் இவ்வளவு நீளமாடி?" என்றாள். ஆறு மணி ஆயிற்று. ஆறே கால் நெருங்கியது. என் ஃபோன் அடிக்கவில்லை. சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. அரைமணிக்கு ஒரு தடவை எரிச்சலோடு எடுத்த ஃபோனை இப்போது நிமிஷத்துக்கு ஒரு தடவை பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா கூப்பிடவே இல்லை. எழுந்து போய்க் கொடியில் காயாத துணியை எடுத்து மடித்தேன்.

சுவர் சாம்பல் நிறமானது. கேமராவின் முகத்தில் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள் பூத்தன. அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அவள் கால் ஆடவில்லை.

"சார்!" என்று கத்தினாள். "இருக்கா?"

நான் கேமராவுக்கு நேரே போய் நின்று, முடிந்த மட்டும் நாக்கை நீட்டினேன்.

"இருக்கு, இருக்கு!" என்று வீட்டுக்காரர் குரல் வந்தது. "நாக்குகூடத் தெளிவாத் தெரியுது. உள்ள போட்டுக்கச் சொல்லு!"

அக்கா வாளியிலிருந்து எழுந்திருக்கவில்லை. "இன்னும் பத்து நிமிஷம் பாத்துருவோம்" என்றாள். அவள் வலது கால் மறுபடி ஆட ஆரம்பித்தது.