"உங்களுக்கு எத்தனை புள்ளைங்க?"

திருவையாற்றில் இரண்டு தென்னம்பிள்ளை வாங்கிக்கொண்டு தஞ்சாவூர் பஸ்ஸில் வந்தேன். காலுக்கு நடுவில் நிறுத்தி இரண்டு கையாலும் பிடித்திருந்தேன்.

பக்கத்து சீட்டு அம்மா கேட்டார்: "உங்களுக்கு எத்தனை புள்ளைங்க?"

கன்றைத்தான் கேட்கிறார் என்று நினைத்து, "ரெண்டுங்க" என்றேன்.

"என்ன படிக்கிறாங்க?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஐயோ, நான் தென்னம்பிள்ளையச் சொன்னேங்க. எங்களுக்குக் குழந்தை இல்ல."

அவர் சிரிக்கவில்லை. என் மேல் பட்டுக்கொண்டிருந்த முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார்.

"அப்ப நீங்க வைக்காதீங்க. புள்ளை இல்லாத கையால வச்சா தென்னை காய்க்காது. பெத்தவங்க யாரையாச்சும் கூப்பிட்டு வைக்கச் சொல்லுங்க."

முன் சீட்டுக்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

"உங்க வீடு எங்கங்க? காய்க்கலைன்னா நேர்ல வந்து சொல்லிட்டுப் போறேன்" என்றேன். அதன்பிறகு ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தவர், பழைய பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது மட்டும் குனிந்து கன்றைத் தடவிப் பார்த்தார்.

"கன்னு நல்லா வாட்டசாட்டமா இருக்கே, எங்க வாங்குனீங்க?"

"வாங்கலைங்க. பெத்தேன்."

சாயங்காலமே கொல்லையில் குழி வெட்டி இரண்டையும் என் கையாலேயே வைத்துவிட்டேன்.

தென்னை காய்க்கவில்லை என்றால் மண்ணைப் பார்ப்போம், தண்ணீரைப் பார்ப்போம், உரம் வைப்போம். "என்ன, விசேஷம் ஏதும் உண்டா?" என்று அதன் வயிற்றைப் பார்த்து யாரும் கேட்பதில்லை.

பிள்ளைகள் இரண்டுக்கும் நல்ல பேராகக் கமெண்டில் சொல்லுங்கள். கைராசி பற்றிப் பாடம் எடுக்க வருபவர்களும் வரலாம், பிளாக் பண்ணுவதில் என் கை ரொம்ப ராசியான கை.