ஓரகத்தியின் கறுப்புக் கார்

என் கணவரும் அவருடைய அண்ணனும் போடியில் அடுத்தடுத்த கடைகளில் ஏலக்காய் வியாபாரம் செய்தார்கள். வீடுகளும் அடுத்தடுத்துதான். ஐம்பதுகளின் நடுவில் ஒருநாள், அண்ணன் மதுரையில் ஒரு வியாபாரியிடம் பழைய கார் வாங்கி ஓட்டிக்கொண்டு வந்தார். கறுப்புக் கார். புதுப் பெயின்ட் வெயிலில் மின்னியது. முன்சீட்டிலிருந்து இறங்கிய என் ஓரகத்தி கதவை ஒருமுறை சாத்திவிட்டு, சரியாகச் சாத்தவில்லை என்று மறுபடியும் சாத்தினாள். அந்த இரண்டாவது சத்தம் எனக்காகத்தான் என்று தோன்றியது.

அவள் வசதியான வீட்டுப் பெண். நான் பஸ் டிரைவர் மகள். அவளுக்கு எது வந்தாலும் என்னிடமிருந்து எடுத்துக் கொடுத்த மாதிரி எனக்கு வலிக்கும். இத்தனைக்கும் அவள் நல்லவள். கெட்டவளாக இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

போடிமெட்டு வரை போய்வரலாம் என்று அவள் இரண்டு முறை கூப்பிட்டாள். தலைவலி என்று சொல்லிவிட்டேன். மூன்றாம் முறை ஏறினேன். ஆசையில் அல்ல, குறை கண்டுபிடிக்க.

அப்பாவின் பேச்சைக் கேட்டு வளர்ந்ததால் வண்டியில் எங்கே பார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். மீட்டர் சில ஆயிரம் மைல்தான் காட்டியது. பிரேக் பெடலின் ரப்பரோ தேய்ந்து இரும்பு தெரிந்தது. காலடி விரிப்பைக் கால் விரலால் ஒதுக்கினேன். துருப்பிடித்த ஓட்டை வழியாகக் கீழே ரோடு ஓடியது. மலை வளைவுகளில் இரண்டு இடத்தில் எஞ்சின் கொதித்து நின்றது. அண்ணன் ஓடைத் தண்ணீரை மொண்டு ஊற்றினார். இறங்கும்போது கவனித்தேன், ஒவ்வொரு வளைவிலும் அவர் பிரேக்கை இரண்டு முறை மிதித்தார். முதல் மிதிக்கு அது பிடிக்கவில்லை.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? வீட்டு வாசலில் இறங்கி, "வண்டி சொகமா இருக்குக்கா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

அதற்குப் பிறகு நமக்கும் ஒரு வண்டி வேண்டும் என்று என் கணவரை நச்சரித்தேன். அவரும் அண்ணன் வாங்கிய இடத்துக்கே கிளம்பினார். ஏமாந்ததை அண்ணன் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. நானும் சொல்லவில்லை. சொன்னால், தெரிந்தும் ஏன் பேசாமல் இருந்தாய் என்று கேட்பார். கூடவே வருகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

மதுரை வியாபாரி காட்டிய கார் ஒரே திருப்பில் கிளம்பியது. நான் பானட்டின் மேல் கையை வைத்துப் பார்த்தேன். சுட்டது.

"நாங்க வர்றதுக்கு முன்னாடியே ஓட்டி வச்சிருக்கீங்க. ஆறட்டும், சாப்பிட்டு வர்றோம்" என்றேன்.

நாங்கள் திரும்பி வந்தபோது, கைப்பிடி போட்டுச் சுற்றிச் சுற்றியும் அது கிளம்பவில்லை. கிளம்பியபோது ஆயில் எரிகிற நீலப் புகை வந்தது. பதிவுப் புத்தகத்தை வாங்கி எஞ்சின் நம்பரோடு ஒப்பிட்டேன். இரண்டும் வேறு வேறாக இருந்தன. வியாபாரி என் முகத்தைப் பார்க்காமல் என் கணவரிடம், "உங்கண்ணன் ஒரு கேள்வி கேக்காம எடுத்துட்டுப் போனாரு" என்றார்.

வெறுங்கையோடு பஸ்சில் திரும்பினோம். பிறகு தேனியில் வேறொரு வியாபாரியிடம் ஒரு ஜீப்பைப் பார்த்தோம். பஸ் ஷெட் மெக்கானிக் ஒருவரைக் கூட்டிப்போய், மூட்டைகளை ஏற்றி, போடிமெட்டு ஏறி இறங்கிப் பார்த்த பிறகுதான் பேசி முடித்தோம். உட்கார்ந்தால் இடுப்பு கழன்றுவிடும், ஆனால் வழியில் நின்றதில்லை. அப்போதும் அந்தக் கறுப்புக் கார் தெருவில் போனால் என் கண் அதன் பின்னாலேயே போகும்.

அந்த மழைக்காலத்தில், மலையிலிருந்து இறங்கும்போது அண்ணனுக்குப் பிரேக் பிடிக்கவில்லை. பள்ளத்துப் பக்கம் போகாமல் பாறையில் மோதி நிறுத்தினார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஓரகத்திக்கு வலது மணிக்கட்டு முறிந்தது.

தினமும் போய் அவளுக்குத் தலை பின்னிவிட்டேன். ஒருநாள் அவள், ஜீப்பு வாங்கும்போது என்னென்ன பார்த்தாய் என்று கேட்டாள். சொன்னேன். சொல்லிக்கொண்டே வந்தவள், பிரேக் என்றதும் நிறுத்திவிட்டேன். அவள் திரும்பிப் பார்த்தாள்.

"அன்னைக்கு எங்க வண்டியில வந்தப்பவே ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும்க்கா."

"சொல்லியிருக்கலாமே ஆத்தா."

அவ்வளவுதான் கேட்டாள். பாதிப் பின்னலோடு எழுந்து உள்ளே போய்விட்டாள். அதன்பின் ஒரு மாதம்போல என்னோடு பேசவில்லை. எதிர்ப்பட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்த ஒரு மாதம் நான் அவள் மேல் பொறாமைப்படவில்லை. என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது.

கை சரியானதும் அவளாகவே வந்தாள். அண்ணன் வேறு கார் பார்க்கிறார், நீ கூட வந்து பார்த்துச் சொல் என்றாள். மன்னித்துவிட்டாளா என்று நான் கேட்கவில்லை. மதுரையில் மூன்று வியாபாரிகளிடம் ஏறி இறங்கினோம். ஐந்து வண்டிகளை வேண்டாம் என்றேன். ஆறாவதை விடியற்காலைக் குளிரில் நானே முன்னால் நின்று கிளப்பச் சொன்னேன். அடியில் குனிந்து பார்த்தேன், நம்பரை ஒப்பிட்டேன், பிரேக்கைப் பத்து முறை மிதிக்க வைத்தேன். ஒரு குறையும் இல்லை. வெளிர்பச்சை நிறம், பட்டு மாதிரி சீட்டு.

"எடுத்துக்கலாம்க்கா" என்றேன்.

அவள் என் கையைப் பிடித்து அழுத்தினாள். மனதார அதை அவளுக்குத் தேடிக் கொடுத்தேன். ஆனால் அது கிளம்பி வெளியே வந்து வெயிலில் நின்றபோது வயிறு எரிந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.