டெப்பே வீட்டு முப்பாட்டன்

"ஏம்ப்பா ஹைன்ரிக், பிள்ளைக்கு வேற பேரே கிடைக்கலையா? தெருவுல பாதிப்பேர் யோஹான்தானே!"

சனிக்கிழமை காலை, தேவாலயத்தின் பங்கு அலுவலகத்தில் ஞானஸ்நானப் பதிவேட்டில் மூக்கு உரச, மார்லீன் டெப்பே செத்தவர்களோடு பேசிக்கொண்டிருக்கிறாள். உயிரோடிருப்பவர்களிடம் அவளுக்குப் பேச்சு வராது. சின்சினாட்டியில் ஒரு பள்ளிச் சமையலறையில் வேலை. படிப்பைப் பாதியில் விட்டதும் அதே பள்ளியில்தான். "வாசல் வழியா வெளியே போனேன், அடுப்படி வழியா உள்ளே வந்துட்டேன்" என்பாள்.

வருடத்தில் ஒரு நாள், குடும்பம் கூடும் கோடை விருந்தில் மட்டும், எல்லோரும் அவளைச் சுற்றி உட்காருவார்கள். ஜெர்மனியிலிருந்து கப்பலேறி வந்த முப்பாட்டன் யோஹான் டெப்பே, பீர் ஆலை முதலாளி என்று கண்டுபிடித்தவள் அவள்தானே! நகரத்தின் பழைய விலாசப் புத்தகத்தில் அந்தப் பெயரில் இருவர் இருந்தார்கள். ஒருவர் முதலாளி, மற்றவர் கூலி. "பணக்காரன்தான் நம்மாளுன்னு என் மூக்குக்கு உடனே வாசனை தெரிஞ்சுபோச்சு." அதன்பிறகு தன் வீட்டு ஆட்களைக் கோவில் பதிவேட்டில் தேடவே இல்லை. இந்த வருடம் முதலாளியின் படத்தோடு 'எங்கள் முப்பாட்டன்' என்று அச்சடித்த சட்டைகள் வேறு வந்துவிட்டன.

விருந்துக்கு முந்தைய நாளான இந்தச் சனிக்கிழமை, யோஹானின் மகனும் தாத்தாவின் அப்பாவுமான ஆகஸ்ட் டெப்பேயின் ஞானஸ்நானப் பதிவை, சட்டம் போட்டு மாட்டலாமே என்று தேடினாள். தகப்பன்: யோஹான் டெப்பே, கூலி. ஞானஸ்நானத்தில் பிள்ளையை ஏந்திய ஞானத்தகப்பன்: யோஹான் டெப்பே, பீர் ஆலை.

"அடி மார்லீன், இத்தனை வருஷமா அடுத்த வீட்டுக் கல்லறைக்குத் தண்ணி ஊத்தியிருக்கியே!" என்று தன் தலையிலேயே அடித்துக்கொண்டாள்.

அலுவலகத்துப் பெர்னடெட் சிரித்தாள். "யார்கிட்டயும் மூச்சு விடாதே. செத்தவனா வந்து கேக்கப்போறான்?"

"ஆகஸ்ட் கேப்பான். 'எங்கப்பாவ எங்கடி தொலைச்சே'ன்னு."

சொன்னால் அடுத்த வருடம் யார் அவளைச் சுற்றி உட்காரப்போகிறார்கள்? மறுநாள் பூங்காவில், உருளைக்கிழங்கு சாலட் பாத்திரத்தைக் கீழே வைக்கக்கூட மறந்து, ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். அண்ணன் ரால்ஃப், தன் தொந்திமேல் விரிந்திருந்த முதலாளியைக் குனிந்து பார்த்தான்.

"அப்போ இந்த மீசைக்காரன் யாருடி? காசு குடுத்துல்ல வாங்கியிருக்கேன்!"

"ஆகஸ்டோட ஞானத்தகப்பன்."

பாத்திரத்தை அவன் கையில் திணித்தாள். கைப்பையிலிருந்து மார்க்கரை எடுத்து, மூடியைப் பல்லால் கடித்து இழுத்தாள். சட்டையிலிருந்த 'முப்பாட்டன்' மேல் ஒரு கோடு போட்டாள்.

"அசையாதேண்ணே. வயித்த உள்ள இழு, 'ஞானத்தகப்பன்'னு எழுதணும்."