நாற்பத்தாறு படிவங்கள்

மபாஸா வேலை செய்யும் பிரதேச செயலகத்தில், கன்டீனை ஒட்டிய நீள அறைதான் பழைய ஆவணங்களுக்கு. கடல் பக்கத்திலிருந்தும் உப்பளப் பக்கத்திலிருந்தும் காற்று வந்து அந்த அறையில்தான் தங்கும். கோப்புகளின் கிளிப்பெல்லாம் துருவேறி, தாள்களில் பழுப்பு வட்டம் போட்டிருக்கும். பதினொரு வருடமாக அந்த அறைக்கு அவள்தான் பொறுப்பு. எந்தக் கோப்பை எத்தனை வருடம் வைத்திருக்க வேண்டும், எதைக் கழிக்கலாம், எதில் கைவைக்கவே கூடாது என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். இருபது வருடத்துக்கு முந்தைய காணிக் கோப்பைக் கேட்டு யாராவது வந்தால், அவர் பெயரைச் சொல்லி முடிக்குமுன் எந்த இறாக்கையில், எந்தத் தட்டில் இருக்கிறதென்று சொல்லிவிடுவாள்.

அப்படிப்பட்டவள்தான், சில வருடத்துக்கு முன்பு கழிப்புப் பட்டியல் தயாரிக்கும்போது, மேல்தட்டில் சணல் கயிற்றால் கட்டிக் கிடந்த ஒரு பெட்டியைத் திறக்காமலே விட்டுவிட்டாள். வெளியே ‘1990-91’ என்று மட்டும் இருந்தது. ‘பல்வகைப் பழைய படிவங்கள், பெட்டி ஒன்று, தேவையில்லை’ என்று எழுதினாள். பட்டியல் கொழும்புக்குப் போய் அனுமதியோடு திரும்பி வந்தது. கழித்தவற்றை அழிக்க ஏற்றிப்போக வியாழக்கிழமை லொறி வரும் என்றார்கள்.

புதன்கிழமை பெட்டியை இறக்கும்போது கயிறு அறுந்தது.

தரையில் சிதறியவை அகதிகளின் பதிவுப் படிவங்கள். தொண்ணூறாம் ஆண்டு போரில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வள்ளங்களில் வந்து கரையேறிய முஸ்லிம் குடும்பங்களை, முகாமில் வைத்துப் பதிந்தவை. தலைவர் பெயர், குடும்பத்தினர், வயது, தொழில், விட்டு வந்த சொத்து. மபாஸாவும் அப்படி வந்தவள்தான். அப்போது அவளுக்கு ஏழு வயது. குந்தியிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி அடுக்கியவளின் கை, எட்டாவதோ ஒன்பதாவதோ தாளில் நின்றது. வாப்பாவின் பெயர். கீழே உம்மாவின் பெயர். அதன் கீழே, மூத்த மகன், இஸ்ஹாக், பதினேழு. நானா என்று அவள் கூப்பிட்ட அண்ணன்.

தாளின் அடியில், ‘படிவத்தை நிரப்பியவர்’ என்ற இடத்திலும் இஸ்ஹாக் என்றே இருந்தது.

மற்றத் தாள்களைப் பார்த்தாள். எல்லாவற்றிலும் அதே பெயர், அதே நீல மை. முகாமின் அந்தக் குடிசை வரிசையில் ஓலெவல் பரீட்சை எழுதியிருந்தவன் அவன் ஒருவன்தான் என்று வாப்பா சொல்லி அவள் கேட்டிருக்கிறாள். எழுதத் தெரியாதவர்களுக்கெல்லாம் எழுதிக் கொடுத்திருக்கிறான். நாற்பத்தாறு குடும்பங்களுக்கு.

தொண்ணூற்று மூன்றில், மன்னாரில் விட்டு வந்த வீட்டை ஒருதரம் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கண்டக்குழிக் கரையிலிருந்து இரண்டு பேரோடு வள்ளமேறிப் போனவன் இஸ்ஹாக். வள்ளமும் வரவில்லை, அவனும் வரவில்லை. வீட்டில் அவனுடைய படம் ஒன்றுகூடக் கிடையாது. இருந்தவை ஊரிலேயே போய்விட்டன. முகத்தை நினைக்கப் பார்த்தால் மபாஸாவுக்கு ஒரு முதுகுதான் வரும், முன்னால் நடந்துபோகும் சட்டையின் முதுகு. இப்போது கையில் இருந்தது அவனுடைய எழுத்து. அதை நானாவின் எழுத்தென்று பெயரைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அவளைச் சுட்டது அதுதான்.

அன்று பின்னேரம் நிர்வாக உத்தியோகத்தர் நஜாத்திடம் போய் விஷயத்தைச் சொன்னாள். நல்ல மனிதர். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு, பட்டியலுக்கு அனுமதி வந்துவிட்டதை நினைவுபடுத்தினார்.

“தேவையில்லை எண்டு நீங்கதானே போட்டிருக்கிறீங்க, மபாஸா.”

“ஓம் சேர். திறந்து பார்க்காமப் போட்டுட்டன்.”

“உங்கட தாளை எடுத்து பேக்ல வைங்க. நான் ஒண்டும் காணல்ல.”

ஆசை இல்லாமலில்லை. ஒரு நிமிடம் அந்தத் தாள் ஏற்கெனவே பைக்குள் இருப்பதுபோலவே இருந்தது அவளுக்கு.

“எங்கட தாளை நான் எடுப்பன் சேர். மத்த நாப்பத்தஞ்சையும் ஆர் வந்து எடுக்கிறது?”

வியாழக்கிழமை லொறி அந்தப் பெட்டியில்லாமல் போனது. மபாஸா திருத்தப் பட்டியல் எழுதினாள். இந்தமுறை பெட்டியில் என்ன இருக்கிறது, யார் யாருடையது என்பதை ஒவ்வொரு தாளாக எழுதி, முன்பு பார்க்காமல் எழுதியது தன் தவறென்றும் சேர்த்துவிட்டாள். நஜாத் அந்த வரியை வெட்டச் சொன்னார். அவள் வெட்டவில்லை. அவர் ஒப்பமிட்டார்.

மூன்று மாதம் கழித்து, பழைய ஆவணங்களைக் காக்கும் கொழும்புச் சுவடிகள் திணைக்களத்திலிருந்து ஒரு பெண் உத்தியோகத்தர் வந்தார். மபாஸா வாசித்துச் சிங்களத்தில் சொல்லச் சொல்லக் குறித்துக்கொண்டார். மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூட எழும்பவில்லை. இவை என்றைக்கும் அழிக்கப்படக் கூடாதவை, ஆனால் இந்தக் காற்றில் இன்னும் பத்து வருடம் தாங்காது, கொழும்புக்குக் கொண்டுபோக வேண்டும் என்றார். மபாஸா கேட்டது ஒன்றுதான்: போவதற்கு முன்னால் உம்மாவைக் கூட்டி வந்து காட்டலாமா என்று.

மறுநாள் பாலாவி வீட்டிலிருந்து உம்மாவை ஓட்டோவில் கூட்டி வந்தாள். எழுபத்தாறு வயது உம்மாவுக்கு எழுத்து தெரியாது. கதிரையில் இருத்தி, தாளை முன்னால் வைத்தாள். உம்மா தொடவில்லை, கையை மடியில் வைத்துக்கொண்டு குனிந்து பார்த்தார்.

“எழுத்து வடிவா இருக்கா, மகள்?”

“ஓம் உம்மா. நல்ல வடிவு.”

வாசிக்கச் சொன்னார். விட்டு வந்த சொத்து என்ற இடத்திலிருந்து மபாஸா வாசித்தாள். கல்வீடு ஒன்று. கிணறு ஒன்று. ஆடு மூன்று. வலை இரண்டு. தையல் மெஷின் ஒன்று. சைக்கிள் ஒன்று, எங்களுடையதல்ல, இரவல் வாங்கியது, உடையவருக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

உம்மா சிரித்துவிட்டார். அது பக்கத்து வீட்டு றஸீனுடைய சைக்கிள், விடிந்தால் தாறேன் என்று இஸ்ஹாக் வாங்கி வந்தது, விடிந்தபோது ஊரே இல்லை என்றார். சொல்லிவிட்டு மறுபடி தாளைப் பார்த்தார். உறுதிப்படுத்திய பிரதி எடுத்துத் தரலாம் என்று மபாஸா சொன்னாள். உம்மா வேண்டாமென்று தலையாட்டினார். முந்தானையால் விரல்களை நன்றாகத் துடைத்துக்கொண்டு, இஸ்ஹாக் என்ற பெயர் எங்கே இருக்கிறதென்று கேட்டு, மபாஸா காட்டிய இடத்தில் ஒரு விரலை வைத்துக்கொண்டு, தாள்களை ஏற்றிப்போகும் பிக்கப் வண்டி வரும்வரை அப்படியே இருந்தார்.

இப்போது அந்தத் தாள்கள் கொழும்பில். செய்தி பரவி, இதுவரை பத்தொன்பது குடும்பங்கள் பிரதி எடுத்திருக்கின்றன. சிலருக்கு அது காணி வழக்குக்கும் உதவியிருக்கிறது. விண்ணப்பம் எழுதிக் கொடுப்பது மபாஸாதான்.

இரண்டு மூன்று மாதத்துக்கொருதரம் லீவு போட்டு, விடியற்காலை ரயிலேறி அவளும் கொழும்புக்குப் போகிறாள். வாசிப்பு அறையில் பெயரெழுதி, பெட்டியைக் கேட்டு வாங்கி, பென்சிலை மட்டும் வைத்துக்கொண்டு உட்காருவாள். நாற்பத்தாறையும் படித்து முடித்துவிட்டாள். இப்போது பெயர் பார்க்கத் தேவையில்லை. முப்பதாவது தாளுக்குமேல் எழுத்து சரியத் தொடங்கும், கை வலித்திருக்கும். ஓரிடத்தில் பேனை மாறும், அதே நீலத்தில் கோடு தடிக்கும். யாரிடமோ கேட்டு வாங்கியிருப்பான். கடைசியாக எடுப்பது தங்கள் தாளை. அதில் அவள் பெயருக்கு நேரே, தொழில் என்ற இடத்தில், ‘படிக்கிறாள்’ என்று எழுதியிருக்கிறான். அந்த முகாமில் அப்போது பள்ளிக்கூடமே இருக்கவில்லை.

நான்கு மணிக்கு அறையைப் பூட்டுவார்கள். அவள் தாள்களை எண்ணி, வரிசை பார்த்து, பெட்டியை மூடிக் கொடுத்துவிட்டு எழும்புவாள்.