நெற்றி சுருங்கிய காலை

டாக்டரய்யா சவரிமுத்து போய்விட்டார் என்பதை லொறி ஓட்டும் காசிம் நானா தொழிற்சாலை வாசலில் நின்று சொன்னார்: "டிக்கோயா ஆஸ்பத்திரிக்கு ரெண்டு வளைவு இருக்கிறப்பவே மூச்சு நின்னுருச்சு." தேயிலைப் பெட்டிகள் மட்டும் பழுதில்லாமல் போய்ச் சேர்ந்தன.

நம் தோட்டத்து டிஸ்பென்சரியில் அவரிடம் மருந்து குடிக்காதவர் யார்? "மண்டைக்குள்ள இருந்து பன்னெண்டு சோடி நரம்பு வருது. தொரைக்கும் பன்னெண்டுதான், ஒனக்கும் பன்னெண்டுதான்" என்பார். தோட்டத்தை நடத்தும் துரைமாருக்கு அந்தப் பேச்சு பிடிக்கவில்லை.

சல்லடை அறை ராமையாவைக் கணக்கப்பிள்ளை தள்ளிவிட்டதில் பின்மண்டை தரையில் மோதியது. அதன்பின் தேயிலை வாசமே தெரியவில்லை என்றான். வேலைக்குக் கள்ளம் என்றார் துரை. சவரிமுத்து அவன் கண்ணைக் கட்டி, மூக்கருகே கிராம்பையும் காப்பித்தூளையும் மாறி மாறிப் பிடித்தார். எது எதென்று அவனுக்குத் தெரியவில்லை. 'அடிபட்டதில் வாசம் அறியும் முதல் நரம்பு போய்விட்டது' என்று பதிவேட்டில் எழுதினார். அந்த வரியை வெட்டச் சொன்னார்கள். வெட்டவில்லை.

கொழுந்து பறிக்கும் மருதாயிக்கு ஒரு பக்கம் வாய் கோணி, கண் மூடாமல் போனபோது, முனி அறைந்துவிட்டதென்று பலி கொடுக்கச் சேவல் பிடிக்கப் போனோம். அவர் வந்து, "புருவத்தத் தூக்கும்மா" என்றார். கோணிய பக்கத்து நெற்றியில் ஒரு சுருக்கமும் விழவில்லை. "முனியுமில்ல, சனியுமில்ல. மொகத்த அசைக்கிற ஏழாவது நரம்பு. மெல்லத் தானா சரியாகும். கண்ணு காயாம பாத்துக்க." இரண்டு மாதத்தில் மருதாயி நேராகச் சிரித்தாள். நாங்கள் பாதிப் பாடத்தை மட்டும் பிடித்துக்கொண்டோம்: வாய் கோணினால் தானாகச் சரியாகும்.

போன செவ்வாய் காலை சவரிமுத்துவின் வாயே கோணியது. கண்ணாடியில் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். "நெத்தி ரெண்டு பக்கமும் சுருங்குது. நரம்பில்ல, மூளை. இது தானா சரியாகாது. ஆஸ்பத்திரிக்கு லொறி வேணும்" என்று குழறினார்.

"வாய் கோணியும் டாக்டரய்யா பாடத்த விடல" என்றான் ஒருவன். சிரித்தோம்.

ஆபீஸ் கிளாக்கர் எட்டிப் பார்த்தார். "மருதாயிக்குச் சரியாகலியா? பெட்டி ஏத்தி முடியட்டும்."

துரையின் நாய்க்குக் காய்ச்சலென்றால் அதே லொறி நாயை மட்டும் ஏற்றிக்கொண்டு நுவரெலியா போகும். அன்று ஏற்றி முடிக்க இரண்டு மணி நேரமானது. டிஸ்பென்சரிப் படியில் உட்கார்ந்து, லொறிக்குப் போகும் ஒவ்வொரு பெட்டியையும் அவர் பார்த்துக்கொண்டிருந்தார். பெட்டி தூக்கியவர்களில் நானும் ஒருவன்.

இப்போது காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நிற்கும்போது எல்லார் நெற்றியையும் பார்க்கிறேன். யாருக்காவது வாய் கோணினால் புருவத்தைத் தூக்கச் சொல்வேன். நெற்றி இரண்டு பக்கமும் சுருங்கினால், ஆளை முதலில் ஏற்றும்வரை, பெட்டி ஏற்ற நிற்கும் லொறியின் முன்னால் போய்ப் படுப்பேன். அவரிடமிருந்து என்னிடம் இருப்பது அவ்வளவுதான்.