ஒலிபெருக்கியில் கேட்ட மூச்சு

பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவளுக்கு இருந்தது. பேருந்து நிலையத்தில் அதைச் சொல்லி விசாரித்தால் யாருக்கும் தெரியாது. "கணீரக்கா எங்கே?" என்று கேட்டால் மூட்டை தூக்குகிறவர்கூடக் கை நீட்டுவார். "அதோ, டிக்கெட் கவுண்டருக்குப் பக்கத்துல, கண்ணாடி ரூம்."

அந்தக் கண்ணாடி அறையில் ஒரு மேசை, ஒரு மைக், அழுத்தினால் நிலையம் முழுக்கக் கேட்க வைக்கும் சிவப்புப் பொத்தான், சத்தம் மட்டும் வந்து காற்று வராத ஒரு மின்விசிறி. எந்த வண்டி எந்த மேடைக்கு வருகிறது, எது தாமதம், யாருடைய பிள்ளை தொலைந்துபோய் அழுதுகொண்டு நிற்கிறது, எல்லாவற்றையும் அவள்தான் சொல்வாள். அவள் குரல் யாரையும் அதட்டாது. ஆனால் பெஞ்சில் தூங்குகிறவனைச் சரியாக அவன் வண்டிக்கு எழுப்பிவிடும். நாற்பதைத் தாண்டியும் கல்யாணம் ஆகவில்லையே என்று யாராவது கேட்டால், "ஊருக்கெல்லாம் பஸ் சொன்னேன், என் பஸ்ஸு கிளம்புனதை யாரும் எனக்குச் சொல்லல" என்று சிரித்துவிடுவாள்.

வீட்டில் அவளும் அப்பாவும் மட்டும். ஜன்னல் கம்பி செய்யும் பட்டறையில் வெல்டராக இருந்து ஓய்ந்தவர் அவர். பட்டறைப் புகை பாதி, சிகரெட் புகை பாதி, நெஞ்சு முழுக்கப் புகை. நாள்பட்ட நுரையீரல் நோய் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். மகளுக்கோ சின்ன வயதிலிருந்தே ஆஸ்துமா. ஒருவர் இருமினால் மற்றவர் பதில் சொல்வதுபோல் இருமுகிற வீடு அது.

அவளுக்கு மருத்துவர் மூச்சோடு இழுக்கும் மருந்துப் பம்பு இரண்டு எழுதிக் கொடுத்திருந்தார். மூச்சு முட்டும்போது நீலம். காலையும் மாலையும் தவறாமல் ஊதா. கூட்டம் நெரிந்த ஒரு நாளில் அவசரமாகச் சொன்னார், அவளும் அவசரமாகத் தலையாட்டினாள். நீலம் தீர்ந்தபோது அவள் வேறு வாங்கவில்லை. ஊதா பம்பில் இரண்டு மருந்து சேர்ந்திருக்கிறது என்று மருந்துக்கடைக்காரர் எப்போதோ சொன்னது மனதில் நின்றிருந்தது. இரண்டு இருக்கும் இடத்தில் ஒன்று எதற்கு என்று நினைத்தாள்.

பிறகு குரல் கெட ஆரம்பித்தது. முதலில் காலை அறிவிப்பில் ஒரு கரகரப்பு. அப்புறம் வார்த்தையின் நடுவில் ஓசை அறுந்து காற்று மட்டும் வந்தது. "என்னக்கா, ரேடியேட்டர்ல தண்ணி இல்லையா?" என்று வண்டிகளின் நேரம் குறிக்கும் டைம்கீப்பர் கிண்டல் செய்தார். அவள் சிரித்தாள். ஒரு காலை பல் தேய்க்கும்போது கண்ணாடியில் நாக்கைப் பார்த்தவளுக்குச் சிரிப்பு நின்றுபோனது. நாக்கிலும் உள் கன்னத்திலும் தயிர் தெறித்ததுபோல் வெள்ளை வெள்ளையாகப் படிந்திருந்தது. வழித்துப் பார்த்தாள், எரிந்தது. அந்த நிமிடம் அவள் மனதில் வந்த நோயின் பெயரை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் நிஜமாகிவிடும் என்ற பயம்.

வயதான ஒரு தம்பதி அறிவிப்பு புரியாமல் வண்டியைத் தவறவிட்டுப் புகார் கொடுத்தார்கள். நிலைய மேலாளர் திட்டவில்லை. "உங்க மேல தப்பு சொல்லலம்மா. பதிவு பண்ண குரல்ல பேசற மெஷின் ஒண்ணு வந்திருக்கு, அதை வச்சுப் பாக்கலாமான்னு மேலிடத்துல கேக்கறாங்க" என்றார். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

அன்றே அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். ஊதா பம்பு ஆரம்பித்த பிறகுதானே இதெல்லாம்? மருந்துதான் குரலைத் தின்கிறது. பம்பை நிறுத்தினாள். யாரிடமும் கேட்கவில்லை. சில வாரங்களில் நாக்கு கொஞ்சம் வெளுப்பு விட்டது, குரலும் கொஞ்சம் திரும்பியது. "பாத்தியா, நான் சொல்லல?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மூச்சும் சும்மா இருந்தது. அடங்கிக் கிடந்ததை ஆறிவிட்டது என்று நம்பினாள். எதற்கும் இருக்கட்டும், முட்டினால் அடித்துக்கொள்ளலாம் என்று பம்பைக் காலையில் வேலைக்குக் கொண்டுபோய் மாலையில் வீட்டு அலமாரியில் வைத்தாள்.

நிலையத்துக்குப் புதுச் சாயம் அடிக்க ஆட்கள் வந்தது அதற்குப் பிறகுதான். காலையிலேயே பழைய சுண்ணாம்பைச் சுரண்ட ஆரம்பித்தார்கள். கண்ணாடி அறையின் கதவிடுக்கு வழியாக வெள்ளைத் தூசி மாவு சலித்ததுபோல் இறங்கியது. அவள் புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு வேலை பார்த்தாள். முற்பகலில் நெஞ்சில் யாரோ கயிறு கட்டி இறுக்குவதுபோல் இருந்தது. பையிலிருந்து பம்பை எடுத்து அடித்தாள். மறுபடி அடித்தாள். புஸ் என்று சத்தம் வந்தது, வாயில் குளிர்ச்சி தெரிந்தது, மூச்சு மட்டும் வரவில்லை.

அப்போது ஏழாம் நம்பர் வண்டியை அறிவிக்க வேண்டியிருந்தது. பொத்தானை அழுத்தினாள்.

"பயணிகளின் கவனத்திற்கு..."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு வார்த்தை வரவில்லை. மேசை மேல் அப்படியே சாய்ந்தாள், முழங்கை பொத்தான் மேல் பதிந்துவிட்டது. நிலையத்தின் எல்லா ஒலிபெருக்கிகளிலும் அவள் மூச்சு கேட்டது. துருப்பிடித்த கதவை யாரோ திறக்க முடியாமல் திறப்பதுபோல ஒரு இழுப்பு. ஒரு நீண்ட விசில். மறுபடி இழுப்பு. நடுவில் புஸ், புஸ் என்று பம்பின் சத்தம்.

பேரம் பேசிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். ஓட்டுநர்கள் எஞ்சினை அணைத்தார்கள். ஒரு குழந்தை "அம்மா, யாரும்மா அது?" என்று கேட்டது. அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று நிமிர்ந்து ஒலிபெருக்கியைப் பார்த்தவர்களே அதிகம். அறைப்பக்கம் ஓடியவர் டைம்கீப்பர் ஒருவர்தான். கதவைத் திறந்தவர் அவள் உதட்டைப் பார்த்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. "ஐயோ அக்கா!" என்று அவர் கத்தியதும் ஒலிபெருக்கியில்தான் கேட்டது.

ஆம்புலன்சுக்குச் சொல்லிவிட்டுக் காத்திருக்க யாருக்கும் நெஞ்சு துணியவில்லை. ஏழாம் நம்பர் ஓட்டுநர் வண்டியைப் பின்னால் எடுத்து நேராகக் கண்ணாடி அறை வாசலுக்கே கொண்டுவந்தார். உட்கார்ந்திருந்த பயணிகள் சொல்லாமலே இறங்கினார்கள். காலி வண்டியில் அவளை உட்கார்த்தி வைத்துப் பிடித்துக்கொண்டார் டைம்கீப்பர். "படுக்க வைக்காதீங்க, நிமித்திப் பிடிங்க!" என்று யாரோ ஒரு பெண் வெளியிலிருந்து கத்தினாள். அந்தப் பெண் யாரென்று கடைசிவரை தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் முகமூடி வைத்து மருந்துப் புகை கொடுத்தார்கள், ஆக்ஸிஜன் வைத்தார்கள், கையில் ஊசி ஏற்றினார்கள். சாயங்காலத்துக்குள் இழுப்பு தணிந்தது. இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் கஷ்டம்தான் என்று மருத்துவர் டைம்கீப்பரிடம் சொன்னதை அவள் கண்ணை மூடியபடி கேட்டாள்.

மறுநாள் காலை அப்பா, வீட்டிலிருந்த மருந்தையெல்லாம் ஒரு துணிப்பையில் அள்ளிக்கொண்டு வந்து கட்டிலருகே உட்கார்ந்தார். நிலையத்திலிருந்து அவளோடு வந்த ஊதா பம்பை வார்டு நர்ஸ் அவள் கையில் கொடுத்தார்.

"எப்படி அடிப்பீங்கக்கா? எனக்குக் காட்டுங்க."

அவள் பம்பைக் குலுக்கவில்லை. வாய்க்கு நேராகப் பிடித்து அழுத்தினாள். அதன் பிறகு மூச்சை இழுத்தாள். வந்த புகையில் பாதி வாயோரமே கலைந்தது.

"அழுத்தறதும் இழுக்கறதும் ஒண்ணா வரணும். மெதுவா, ஆழமா இழுத்துட்டு முடிஞ்ச மட்டும் மூச்சை அடக்கணும். அப்புறமாத்தான் விடணும். சரி, அடிச்சு முடிச்சதும் வாய் கொப்பளிப்பீங்களா?"

"கொப்பளிக்கறதா? எதுக்கு?"

"இதுல இருக்கற ஸ்டீராய்டு வாயிலயும் தொண்டையிலயும் தங்குனா பூஞ்சை பிடிக்கும். வெள்ளை வெள்ளையாப் படியும், குரல் கம்மும். தண்ணி ஊத்திக் கொப்பளிச்சுத் துப்பிட்டாப் பெரும்பாலும் வராது."

அவள் நர்ஸின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணாடி முன் நாக்கை நீட்டிக்கொண்டு நின்ற காலைகள், யாரிடமும் சொல்லாத அந்த நோயின் பெயர், மேலாளர் மெஷினைப் பற்றிச் சொன்னபோது அவள் இறுகப் பற்றிக்கொண்ட நாற்காலி, எல்லாம் ஒன்றாகத் திரண்டு வந்தன.

"ஒரு வாய் தண்ணியா?" என்றாள் கடைசியில். "ஒரு வாய் தண்ணிக்கா, சிஸ்டர், நான் மருந்தையே விட்டேன்?"

"விட்டுட்டீங்களா?" இப்போது அதிர்ந்தது நர்ஸ். "அதான் இப்படி ஆயிருக்கு. இது தினமும் போனாத்தான் உள்ள வீக்கம் அடங்கும். நல்லா இருக்குன்னு நாமளா நிறுத்தக் கூடாது. அவசரத்துக்கு உங்களுக்கு எழுதுனது நீலம். இந்த ஊதா உடனே கேக்காது. சில பேருக்கு ரெண்டுக்கும் சேத்து வேற வகை எழுதுவாங்க, உங்களோடது அது இல்ல. நீலம் எங்க?"

"தீந்துபோச்சு."

நர்ஸ் பம்பைத் திருப்பி, பின்பக்கம் மீதி எண்ணிக்கை காட்டும் சின்ன ஜன்னலைப் பார்த்தார். முகம் மாறியது. "இதுவும்தான் தீந்துபோச்சு. பாருங்க, சைபர். மருந்து தீந்தாலும் காத்து வரும், புஸ்ஸுன்னு சத்தமும் வரும். நேத்து நீங்க அடிச்சது வெறும் காத்துக்கா."

"எப்படித் தீரும்? நான்தான் தொடவே இல்லையே!"

பக்கத்து நாற்காலி கிரீச்சிட்டது. அவள் திரும்பிப் பார்த்தாள். அப்பா துணிப்பையின் வாயை முறுக்கிக்கொண்டிருந்தார்.

"நான்தாம்மா," என்றார். "நீ எடுக்கலேன்னு தெரிஞ்சுது. வீணாப் போகுதேன்னு காலையில நீ கிளம்பறதுக்கு முன்னாடியும், நீ வந்ததுக்கு அப்புறமும் ஒவ்வொரு தடவை இழுத்தேன். ரெண்டு பேருக்கும் நெஞ்சுதானேன்னு..." வெல்டிங் தீப்பொறி பட்டுத் தழும்பேறிய கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "உன்னைக் கொல்லப் பாத்திருக்கேனே."

அவளுக்குக் கோபம் வர வேண்டிய இடம் அது, ஆனால் வரவில்லை. அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

நர்ஸ் குறுக்கிட்டார். "ஐயா, பம்பு நிறைஞ்சு இருந்திருந்தாலும் நேத்து அது இவங்களைக் காப்பாத்தியிருக்காது. அதை முதல்ல மனசுல வாங்கிக்கங்க. ஆனா ஒருத்தர் பம்பை இன்னொருத்தர் எடுக்கக் கூடாது. உங்களுக்குத்தான் தனியாக் கொடுத்திருக்காங்களே, அது என்னாச்சு? பையில தெரியற இந்தக் கேப்சூல்தானே?"

"அதையும் விடல. தினமும் போட்டுக்கறேன்," என்றார் அப்பா, குற்றவாளி தன் ஒரே நல்ல காரியத்தைச் சொல்வதுபோல். மருந்து ஒழுங்காகச் சாப்பிடுகிறவன் என்று காட்டவேண்டும் போலிருந்தது அவருக்கு. பையிலிருந்து ஒரு கேப்சூலை எடுத்தார். தண்ணீர் டம்ளரை எடுத்தார். நாக்கில் வைத்து அண்ணாந்தார்.

"ஐயா!" நர்ஸ் போட்ட சத்தத்தில் அடுத்த கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். "துப்புங்க! துப்புங்க!"

அப்பா பயந்துபோய்க் கையில் துப்பினார்.

"இது முழுங்கறதுக்கு இல்ல ஐயா! மெஷின்ல போட்டு ஓட்டை பண்ணி, உள்ள இருக்கற பவுடரை இழுக்கணும். மெஷின் கொடுத்தாங்களா இல்லையா?"

அப்பா பைக்குள் கைவிட்டுத் துழாவி ஒரு பிளாஸ்டிக் கருவியை எடுத்தார். புத்தம் புதிதாக இருந்தது. உள்ளே இரண்டு கேப்சூல் பத்திரமாக இருந்தன.

"இது டப்பா இல்லையா?" என்றார். "வெளியூர் போனாக் கேப்சூல் நசுங்காம வச்சுக்கறதுக்குன்னு நெனச்சேன்."

நர்ஸுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "எத்தனை நாளா முழுங்கறீங்க?"

"கொடுத்ததுலேருந்து."

மகள் தலையில் கைவைத்துக்கொண்டாள். ஒரே வீட்டில் இரண்டு நோயாளிகள், மேசை நிறைய மருந்து. போய்ச் சேரவேண்டிய இடத்துக்கு ஒன்றும் ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை. அப்பாவுடையது வயிற்றுக்குப் போனது. தன்னுடையது பாதி காற்றுக்கும் பாதி அப்பாவுக்கும் போனது. ஊருக்கே வழி சொல்கிறவள் ஒரு தடவைகூட யாரிடமும் வாய்விட்டுக் கேட்கவில்லை.

வீட்டுக்கு அனுப்பும்போது வாய்ப் பூஞ்சைக்குச் சொட்டு மருந்தும், புதிய பம்புகள் இரண்டும், பம்போடு பொருத்தி இழுக்க ஒரு பிளாஸ்டிக் குடுவையும் கொடுத்தார்கள். நீலம் அடிக்கடி தேவைப்பட ஆரம்பித்தால் அடுத்த தடவைவரை காத்திருக்காமல் உடனே வரச் சொன்னார்கள். நர்ஸ் சொன்னதை அவள் அவரிடமே திருப்பிச் சொல்லிக் காட்டினாள், பேருந்து அறிவிப்பு மாதிரி. குரல் கரகரத்தது. நர்ஸ் கைதட்டினார். அப்பாவும் கேப்சூலைக் கருவியில் போட்டு இழுக்கக் கற்றுக்கொண்டுதான் வீடு திரும்பினார்.

குரல் முழுக்கத் திரும்பவில்லை. மெல்லத் தெளிந்தது, ஆனால் உச்சத்தில் முன்பிருந்த அந்த மணியோசை இல்லை. அவள் விடுப்பில் இருந்தபோது மெஷினும் வந்துவிட்டது. இப்போது காலையில் மெஷின், மாலையில் அவள். ஓட்டுநர்கள் மெஷினை ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்வதில்லை. "அது சொன்னா நாங்க ஏன் கிளம்பணும்?" என்கிறார் ஏழாம் நம்பர்க்காரர்.

அவர்கள் குடியிருப்பது ஒரு கட்டடத்தின் இரண்டாம் மாடி. அப்பா படியேறும்போது முதல் திருப்பத்தில் ஒரு தடவை, முதல் மாடியில் ஒரு தடவை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று நின்றுதான் வருவார். ஒரு மாலை அவள் கதவைத் திறந்தபோது அவர் வெளியே நின்றுகொண்டிருந்தார். முகம் வெளிறியிருந்தது. அவளுக்குத் திக்கென்றது.

"என்னப்பா? என்ன பண்ணுது? மூச்சு முட்டுதா?"

அவர் இல்லையென்று தலையாட்டினார். கீழே படிகளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"முதல் மாடியில நிக்க மறந்துட்டேன்ம்மா," என்றார். "மேல வந்துதான் தெரிஞ்சுது."

கொஞ்சம் இளைத்தது, அவ்வளவுதான். ஆனால் உள்ளே வந்து உட்கார்ந்து வெகுநேரம் ஆன பிறகும், தன் நெஞ்சில் கைவைத்து, அது ஏறி இறங்குவதை, யாருடைய நெஞ்சையோ பார்ப்பதுபோல் திகைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.